திரும்பி வந்த காசோலைக்கும் பருவம் உண்டு

நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை ஏமாற்றினால் மிளகாயும் பருத்தியும் சோளமும் கையை விட்டுப் போகும். ஆகவே இப்பகுதிச் சிறு விவசாயிகள் பலர் பயிரை மட்டும் நம்பி இருப்பதில்லை. ஒருவர் கடனில் டிராக்டர் வாங்கி வாடகைக்கு உழுகிறார். இன்னொருவர் கதிரடிக்கும் இயந்திரம் வைத்திருக்கிறார். ஆடு வைத்திருப்போர் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டுக் கூலி பெறுகிறார்கள். சீமைக் கருவேல் வெட்டி, மூட்டம் போட்டு, கரி எடுத்துக் கொடுப்பதை ஒப்பந்தமாகச் செய்வோரும் உண்டு.

இத்தொழில்களில் ஒரு சங்கடம் இருக்கிறது. மிளகாய் மூட்டைக்குப் பணம் வராவிட்டால், சரக்கு விற்காமல் இருந்தால் திருப்பி ஏற்றி வரலாம். உழுத நிலத்தை உழாத நிலமாக்க முடியுமா? டீசல் எரிந்துவிட்டது, ஆட்கூலி கொடுத்தாயிற்று. கையில் மிஞ்சுவது வாடிக்கையாளர் கொடுத்த காசோலை ஒன்றுதான். அதுவும் வங்கியிலிருந்து திரும்பி வந்துவிட்டால்?

உரமும் பூச்சிமருந்தும் பற்றி எழுதும் பக்கத்தில் காசோலைக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். டிராக்டர் தவணையை மாதம் தவறாமல் கட்டுகிறவருக்கு 40,000 ரூபாய்க் காசோலை திரும்புவதும், ஓர் ஏக்கர் மிளகாய் வாடல் நோயில் போவதும் ஒன்றுதான். ஒரு வேறுபாடு, இந்த நோய்க்கு மருந்து உறுதியாக உண்டு. ஆனால் நாள் தவறாமல் கொடுக்க வேண்டும்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். காசோலை திரும்பியதும் உழவு செய்தவர் நேரில் போய்க் கேட்கிறார். "அண்ணாச்சி, செக்கு திரும்பிருச்சே?" "அதுக்கென்னண்ணே, ஒரு பத்து நாள் பொறுங்க. லோடு போன பணம் வந்ததும் நானே கொண்டாந்து தர்றேன்." இவரும் பொறுக்கிறார். பத்து நாள் இரண்டு மாதமாகிறது. உறவும் ஊரும் கெடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் தாளைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார். பிறகு ஒரு நாள் வழக்கறிஞரிடம் கொண்டுபோனால், நாள் கடந்துவிட்டது என்கிறார். கொடுத்தவர் கெட்டவராக இருந்ததால் போன பணத்தைவிட, இப்படிக் காத்திருந்து போன பணமே அதிகம் என்பது என் கருத்து.

சட்டம் சொல்வது

காசோலைக்கான சட்டம் 1881ஆம் ஆண்டிலேயே வந்தது. செலாவணி முறிச் சட்டம் என்று அதற்குப் பெயர். ஆனால் கணக்கில் பணம் இல்லாமல் காசோலை திரும்புவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் 138ஆம் பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. செய்த வேலைக்கோ, வாங்கிய கடனுக்கோ கொடுத்த காசோலை திரும்பினால், இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அபராதத்திலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

பணம் போதவில்லை என்று திரும்பினால் மட்டும்தான் என்பதில்லை. கொடுத்தவர் கணக்கை மூடிவிட்டாலும், "பணம் கொடுக்காதே" என்று வங்கிக்கு எழுதி நிறுத்தி வைத்தாலும் இப்பிரிவின் கீழ் வரும் என உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கூறியிருக்கிறது. அன்பளிப்பாகவோ நன்கொடையாகவோ கொடுத்த காசோலைக்கு இது பொருந்தாது.

நாள் கணக்கு

இதுவே இக்கட்டுரையில் முக்கியமான பகுதி. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம்.

ஜனவரி 10 தேதியிட்ட காசோலை. 2012 ஏப்ரல் முதல் காசோலையின் ஆயுள் மூன்று மாதம். அதற்கு முன் ஆறு மாதமாக இருந்தது. ஆகவே இக்காசோலையை ஏப்ரல் 9க்குள் வங்கியில் போட்டாக வேண்டும். ஜனவரி 12 அன்று போடுகிறீர்கள். 13ஆம் தேதி, பணமில்லை என்று காரணம் குறித்த சீட்டுடன் காசோலை உங்கள் கைக்கு வருகிறது. "ரிட்டர்ன் மெமோ" எனப்படும் இச்சீட்டை வங்கியில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். சீட்டு இல்லாமல் காசோலையை மட்டும் வாங்கி வருவோர் பலர். வழக்குக்கு அடிப்படையே இந்தச் சீட்டுதான்.

வங்கி தகவல் கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள், அதாவது பிப்ரவரி 12க்குள், பணம் கேட்டு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். 2003க்கு முன் இக்கெடு 15 நாளாக இருந்தது. இந்த உதாரணத்தில் ஜனவரி 20 அன்றே அனுப்பிவிட்டீர்கள், 23ஆம் தேதி அவர் பெற்றுக்கொண்டார் என்று கொள்வோம். பெற்ற நாளிலிருந்து 15 நாள், பிப்ரவரி 7 வரை, அவருக்கு அவகாசம். அதற்குள் தொகையைக் கொடுத்துவிட்டால் குற்றமில்லை, விஷயம் முடிந்தது. கொடுக்காவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள், மார்ச் 7க்குள், நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

இந்த 15 நாள் முடியும் முன்பே அவசரப்பட்டுக் கொடுத்த புகார் செல்லாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முன் ஏரும் கூடாது, பின் ஏரும் கூடாது. புகார் சில நாள் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க வழியுண்டு. நோட்டீஸ் அனுப்பத் தாமதமானால் அந்தச் சலுகை இல்லை.

நோட்டீஸ் எழுதுவது

வழக்கறிஞர் மூலம்தான் அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆனாலும் இதில் சிறு பிழையும் வழக்கைக் கெடுத்துவிடும். சில நூறு ரூபாய் செலவானாலும் வழக்கறிஞரைக் கொண்டு அனுப்புதல் நலம். காசோலை எண், தேதி, வங்கியின் பெயர், தொகை, திரும்பிய காரணம் ஆகியவற்றைக் குறித்து, 15 நாளுக்குள் அத்தொகையைத் தர வேண்டும் எனக் கேட்க வேண்டும்.

தொகையில் ஒரு ரூபாயும் பிசகக்கூடாது. காவேரி பிளாஸ்டிக்ஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில் ஒரு கோடி ரூபாய்க் காசோலைக்கு இரண்டு கோடி கேட்டு நோட்டீஸ் போய்விட்டது. தட்டச்சுப் பிழை என்று சொல்லிப் பார்த்தார்கள். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வட்டி, வங்கி பிடித்த கட்டணம் முதலியவற்றையும் கேட்க விரும்பினால் தனித்தனியாகக் குறிக்க வேண்டுமே தவிர, காசோலைத் தொகையோடு கூட்டி ஒரே தொகையாக எழுதக்கூடாது.

பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டுவிட்டது. எனவே விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியையும் வைத்துக்கொள்ளவும். தபால்காரரைக் கண்டதும் கதவைச் சாத்துகிறவர்களும் உண்டு. சரியான முகவரிக்கு அனுப்பிய நோட்டீஸை வாங்க மறுத்துத் திருப்பினாலும், அது போய்ச் சேர்ந்ததாகவே சட்டம் கொள்ளும். காசோலை ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்தால், கையெழுத்துப் போட்டவருக்கு மட்டுமன்றி நிறுவனத்தின் பெயருக்கும் அனுப்ப வேண்டும்.

காத்திருந்தவருக்கு ஒரு வழி

நோட்டீஸ் அனுப்பாமல் 30 நாள் ஓடிவிட்டதா? காசோலையின் மூன்று மாதம் இன்னும் முடியவில்லை என்றால் வங்கியில் மீண்டும் போடலாம். மறுபடி திரும்பினால் புதிதாக 30 நாள் கிடைக்கும். இதை உறுதி செய்தது தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கு. எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் என்ற தோல் நிறுவனம் 1996இல் பெற்ற காசோலைகள் பற்றியது. முதல் முறை திரும்பியபோது வழக்குப் போடாதவர் இரண்டாம் முறை திரும்பும்போது போட முடியாது என்று 1998இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் கூறியிருந்தது. 2012இல் மூன்று நீதிபதிகள் அதை மாற்றி, போடலாம் என்றனர். நம் வட்டாரத்தில் பொறுத்துப் போகும் பழக்கம் அதிகம் ஆகையால் இத்தீர்ப்பு நமக்கு மிகவும் உதவும்.

மூன்று மாதமும் கடந்துவிட்டால் 138ஆம் பிரிவு கைவிட்டுப் போகும். ஆனால் கடன் போய்விடாது. கூலி பாக்கிக்கு மூன்று ஆண்டுக்குள் உரிமையியல் வழக்குப் போடலாம். திரும்பி வந்த காசோலை அதற்கும் சான்றாக நிற்கும்.

எங்கே போவது?

காவல் நிலையத்துக்குப் போய் அலைய வேண்டாம். இது நேரடியாக நீதித்துறை நடுவரிடம் கொடுக்கும் புகார். எந்த ஊர் நடுவர் என்பதிலும் ஒரு காலத்தில் குழப்பம் இருந்தது. காசோலை கொடுத்தவரின் வங்கி இருக்கும் ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மதுரை வியாபாரி கொடுத்த காசோலைக்கு நரிக்குடிக்காரர் மதுரைக்கு அலைய வேண்டிய நிலை. 2015இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது நீங்கள் காசோலையைப் போட்ட உங்கள் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ, அந்தக் கிளைக்குரிய நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். பக்கத்து ஊர்க் கிளையில் கணக்கு வைத்திருப்பதன் நன்மை இது.

வழக்கு விரைவில் முடியும் என்று நம்பிவிடக் கூடாது. 2019 முடிவில் நாட்டில் நிலுவையிலிருந்த 2.31 கோடி குற்றவியல் வழக்குகளில் 35.16 லட்சம் காசோலை வழக்குகள் என்று உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டிருக்கிறது. 2018 செப்டம்பர் முதல், வழக்கு நடக்கும்போதே காசோலைத் தொகையில் 20 விழுக்காடு வரை இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் நீதிமன்றத்தின் விருப்பம். ஆகவே நோட்டீஸ் கண்டதும் அவர் சமாதானத்துக்கு வந்தால் மறுக்க வேண்டாம், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொண்டால், அங்கு எழுதிய ஒப்பந்தம் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாகவே மதிக்கப்படும். பிறகு அவர் பேச்சு மாற முடியாது.

பாதிப் பணம் வாங்கும்போது

40,000 ரூபாய்க் காசோலையைக் கையில் வைத்துக்கொண்டு, நடுவில் 15,000 ரூபாய் ரொக்கமாக வாங்கிக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. அதன்பின் அந்தக் காசோலையை முழுத் தொகைக்கு வங்கியில் போட்டால் வழக்கு நிற்காது. வாங்கிய தொகையைக் காசோலையிலேயே குறித்து, மீதிக்குத்தான் போட வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறித்த காசோலையை வங்கியில் வாங்க முணுமுணுப்பார்கள். மீதித் தொகைக்கு வேறு காசோலை கேட்டு வாங்குவதே எளிது.

காசோலை வாங்கும் முன்பு

டிராக்டர் வாடகைக்கு ஓட்டுவோரில் பெரும்பாலோர் கணக்கை மனத்திலேயே வைத்திருக்கிறார்கள். காசோலையில் கையெழுத்து உண்மையானால் அது கடனுக்காகக் கொடுத்தது என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும்; அதை மறுத்துக் காட்டும் பொறுப்பு கொடுத்தவருடையது. "இவர் என் நிலத்தில் உழவே இல்லை" என்று அவர் சாதித்தால் நம்மிடமும் ஏதாவது இருக்க வேண்டாமா? பள்ளிப் பிள்ளைகளின் 40 பக்க நோட்டுப் போதும். தேதி, நிலத்தின் பெயர், எத்தனை மணி நேரம், மணிக்கு என்ன வாடகை, மொத்தம் எவ்வளவு என்று எழுதி, வேலை முடிந்த அன்றே அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். கிடை போடுவோர் எத்தனை இரவு என்று குறிக்கலாம். கரி மூட்டத்துக்கு மூட்டை எண்ணிக்கை.

சிறு தொகைக்குக் காசோலை வாங்காதீர்கள். ரொக்கமோ, செல்போன் வழிப் பணமோ போதும். அதிலும் அவர் காட்டும் படத்தை நம்பாமல் உங்கள் கணக்கில் ஏறியதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியூர் வியாபாரியாக இருந்தால் பாதிப் பணம் முன்பணமாகவும், வேலை பாதி முடிந்ததும் ஒரு பகுதியும் கேட்பதில் தவறில்லை. காசோலை கொடுத்தால் அன்றே வங்கியில் போடவும். 2025 அக்டோபர் முதல் காசோலைகளை நாள் முழுதும் தொடர்ந்து பரிசீலிக்கும் முறை வந்திருப்பதால் முன்போல் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

நாமே கையெழுத்திடும்போது

இதே சட்டம் நம் மீதும் பாயும். விதைக்கடையிலும் உரக்கடையிலும், வட்டிக்குப் பணம் கொடுப்பவரிடமும், தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வரும் விவசாயிகள் நம்மிடையே பலர். "வெற்றுத் தாள்தானே, என்ன செய்துவிட முடியும்" என்ற எண்ணம் தவறு. விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலையில் பெற்றவரே தொகையை நிரப்பினாலும் அது செல்லும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. கொடுத்தே ஆக வேண்டுமானால் தொகையையும் தேதியையும் நீங்களே எழுதுங்கள். காசோலை எண்ணைக் குறித்து வைத்து, எதற்காகக் கொடுத்தது என்று அவரிடம் ஒரு சீட்டு வாங்குங்கள். கடன் தீர்ந்த அன்றே காசோலையைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். உங்கள் பெயருக்கு நோட்டீஸ் வந்தால் ஒளித்து வைக்காமல், 15 நாளுக்குள் பதில் அனுப்புங்கள்.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமானத்தைப் பார்த்துக் கிடைக்கும். 15100 என்ற கட்டணமில்லாத தொலைபேசி எண்ணிலும் விவரம் கேட்கலாம். போகும்போது காசோலை, வங்கிச் சீட்டு, பாஸ் புத்தகம், வாடகை நோட்டு ஆகிய நான்கையும் எடுத்துச் செல்லவும்.