ஜீனோவின் பேட்டரி எங்கே?

தமிழில் எழுத்துகள் 247. அவற்றில் எந்த இரண்டை அடுத்தடுத்து வைத்தாலும் கிடைக்கும் பெயர்கள் 61,009 தான். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ வரிசைகளைச் சேர்த்துக்கொண்டாலும் எண்ணிக்கை ஒரு லட்சத்தை எட்டாது. மெய்யெழுத்தில் தொடங்கும் பெயர்களை யாரும் வைக்க முடியாது என்பதால் அதிலும் ஒரு பகுதி கழிந்துவிடும். எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான் என்று ஒரு நாடு சட்டம் போட்டால், நூறு கோடிப் பேருக்கு இதை எப்படிப் பங்கிடுவது? ஒரே பெயரில் பத்தாயிரம் பேருக்கு மேல் நிற்பார்கள்.

அந்த நாடு சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் இந்தியா. 1980களில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்து, பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பான கதை. நிலா, சிபி, ரவி, மனோ, சர்வாதிகாரி ஜீவா, எல்லோருக்கும் மேலாக ஜீனோ என்ற இயந்திர நாய். கதை நடக்கும் காலம் 2020களின் தொடக்கம். அந்த ஆண்டுகள் நிஜமாகவே வந்துவிட்டதால், கதையில் எங்கே ஓட்டை என்ற விவாதத்துக்கு இப்போது கூடுதல் ருசி. எழுதியவர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கேற்றவர். அவரிடம் கணக்குக் கேட்பது வாசகரின் உரிமை.

பெயர்ச் சிக்கலுக்குத் தீர்வு எளிது: ஆளுக்கொரு எண். 2010-ல் வழங்கத் தொடங்கிய ஆதாரில் 12 இலக்கங்கள் இருக்கின்றன. பெயர் தீர்ந்துபோகும், எண் தீராது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஜீவாதான். மக்கள் நடுங்கும் அந்தத் தலைவர் உண்மையில் ஒரு ஹோலோகிராம் பிம்பம் என்பது கதையின் முக்கியமான திருப்பம். முடியுமா? காரைக்காலை ஒட்டிய விழிதியூரில், மார்கழி விடியலில் வயல் வரப்பில் நின்று டார்ச் அடித்தால் ஒளிக்கற்றை வெள்ளைக் கோலாக நீண்டு தெரியும். பனித்துளிகள் ஒளியை நாலாபுறமும் சிதறடிப்பதால் அப்படி. பனி விலகிய இரவில் அதே டார்ச்சை அடித்தால் நடுவெளியில் எதுவும் தெரியாது. வெறும் காற்று ஒளியை நிறுத்தித் திருப்பி அனுப்பாது. டென்னிஸ் கபோர் 1947-ல் கண்டுபிடித்து 1971-ல் நோபல் பரிசு பெற்ற அசல் ஹோலோகிராமுக்கும் ஒரு தகடு தேவை. பிம்பம் தகட்டுக்கு முன்னே மிதப்பதுபோலத் தோன்றலாம். ஆனால் பார்ப்பவரின் பார்வைக் கோடு அந்தத் தகட்டில் போய் முடிந்தாக வேண்டும். திறந்த மைதானத்தில், எந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்கும்படி ஒரு ஜீவாவை நிறுத்த இயலாது.

ஆனால் மேடையில் நிறுத்தலாம். 2014 மக்களவைத் தேர்தல் பிரசாரத்தில் நரேந்திர மோடியின் முப்பரிமாண உருவம் ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் பேசியது. எல்லோரும் அதை ஹோலோகிராம் என்றார்கள். அது 1862-ல் லண்டன் மேடையில் ஜான் ஹென்றி பெப்பர் காட்டிய பழைய ஆவி வித்தையின் புது வடிவம். மேடையில் சாய்வாக ஒரு மெல்லிய ஒளிபுகும் படலம். மறைவிலிருந்து அதில் விழும் படம் பிரதிபலித்து, ஆள் பின்னால் நிற்பதுபோலத் தெரியும். இரவுப் பேருந்தின் ஜன்னல் கண்ணாடியில் நம் முகம் வெளி இருட்டில் மிதக்கிறதே, அதே இயற்பியல். பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் குட்டு உடையும். கூட்டம் எதிரில், தள்ளி நிற்க வேண்டும். சர்வாதிகாரி யாரையும் பக்கத்தில் சேர்ப்பதில்லை என்பதால், ஒளியியலில் விழுந்த ஓட்டையை ஜீவாவின் அரசியலே அடைத்துவிடுகிறது.

‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களுக்குக் கதையில் ஓட்டை தேடும் இந்த விளையாட்டு 1966-லிருந்தே பழக்கம். விண்கலம் ஒவ்வொரு கிரகத்திலும் இறங்கும் காட்சியை எடுக்கப் பணம் போதாமல், ஆளைக் கரைத்து வேறிடத்தில் சேர்க்கும் கருவியைத் தயாரிப்பாளர்கள் கொண்டுவந்தார்கள். ஒரு மனித உடலில் சுமார் 7-க்குப் பின் 27 சுழியங்கள் போட்ட எண்ணிக்கையில் அணுக்கள் உண்டு. அணுவுக்கு ஒரு பைட் போதும் என்று வைத்து, வினாடிக்கு ஒரு ஜிகாபைட் வேகத்தில் அனுப்பினாலும் 22,000 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். அணுவின் இடத்தையும் வேகத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாது என்ற ஹைசன்பெர்க் விதி வேறு குறுக்கே நிற்கிறது. பின்னர் வந்த தொடர்களில் அதற்கென்றே ‘ஹைசன்பெர்க் ஈடுசெய்யும் கருவி’ என்று ஒரு பாகத்தைச் சேர்த்துவிட்டார்கள். பெயர் வைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடாதுதான். ஆனாலும் ஓட்டையைக் கண்டுபிடித்தவர்களை எழுத்தாளர்கள் மதித்திருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று. இந்த மரியாதை வாசகருக்கும் கதைக்கும் நல்லது.

இனி ஜீனோ. விளையாட்டுப் பொருளாக வந்து, புத்தகம் படித்து, வாதாடி, சதித்திட்டத்துக்கே மூளையாகிவிடும் நாய் அது. அந்த அறிவு அதன் சிறு உடலுக்குள் எங்கே இருக்கிறது? மனித மூளை சுமார் 20 வாட்டில் ஓடுகிறது. இன்று உரையாடும் பெரிய செயற்கை நுண்ணறிவு நிரல்களுக்குத் தேவையான சிப்பு ஒன்றே பல நூறு வாட் குடிக்கும். அப்படிப் பல சிப்புகள் வேண்டும். அறிவு வேறெங்கோ ஒரு மையக் கணினியில் இருக்கிறது, ஜீனோ ரேடியோ அலையில் அதோடு பேசுகிறது என்று சொன்னால் மின்கணக்கு சரியாகும், கதை உடைந்துவிடும். நாட்டின் எல்லா வலையமைப்பும் அரசின் கையில் இருக்கும்போது, அரசைக் கவிழ்க்க யோசிக்கும் நாயின் மூளையும் அரசின் கம்பியில் தொங்க முடியுமா? ஜீவாவின் ஆட்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் கலகம் முடிந்தது. எனவே ஜீனோ முழுக்கத் தன் உடலுக்குள்ளேயே சிந்தித்தாக வேண்டும். அதன் சுதந்திரம் அங்கேதான் இருக்கிறது.

ஓரளவு பேசக்கூடிய சிறு நிரல்கள் இப்போது இணையமே இல்லாமல் கைபேசிக்குள் ஓடுகின்றன. சுஜாதா கேட்ட மூளைக்கு இது மிக அருகில் இல்லை என்றாலும், திசை சரி. பேட்டரிதான் இன்னும் பின்தங்கியிருக்கிறது. 1999-ல் சோனி விற்ற ஐபோ, வீடுகளுக்குள் வந்த இயந்திர நாய். அதற்கு அடிக்கடி சார்ஜ் ஏற்றியாக வேண்டும். சுமார் 32 கிலோ எடையுள்ள பாஸ்டன் டைனமிக்ஸின் ‘ஸ்பாட்’ நடக்கும், மாடிப்படி ஏறும். ஒன்றரை மணி நேரத்தில் அதன் பேட்டரி தீர்ந்துவிடும்.