குடிப்பவர் அனுப்பும் பதில் யார் கையில்?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த இளைஞர்களிடம் வந்த நோவோடு சேர்த்து இன்னொன்றையும் விசாரித்தார்கள்: எவ்வளவு குடிக்கிறீர்கள்? அளவு மீறிக் குடிப்பவர்கள் என்று தெரிந்த 765 பேர் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். எல்லோரும் 18 முதல் 25 வயதுக்குள் இருந்தவர்கள்.

அவர்களில் ஒரு பிரிவினருக்கு வாரம் தவறாமல் வியாழக்கிழமை ஒரு குறுஞ்செய்தி போனது. இந்த வார இறுதியில் குடிக்கும் எண்ணம் உண்டா? உண்டு என்று பதில் வந்தால், அளவைக் குறைத்துக்கொள்ளச் சம்மதமா என்று அடுத்த கேள்வி. ஞாயிற்றுக்கிழமை கணக்கு கேட்கும் செய்தி. வந்த பதிலைப் பொறுத்து ஒரு பாராட்டோ ஆலோசனையோ. இப்படி 12 வாரம். இரண்டாம் பிரிவினரிடம் கணக்கு மட்டும் கேட்டார்கள், ஆலோசனை கிடையாது. மூன்றாம் பிரிவுக்கு எதுவும் போகவில்லை. 2014-ல் முடிவு வெளியானது. முதல் பிரிவினர் மிதமிஞ்சிக் குடித்த நாட்கள் குறைந்திருந்தன. மற்ற இரண்டு பிரிவுகளிலும் கூடியிருந்தன.

கேள்வி கேட்டால் மட்டும் போதாது, பதிலுக்குப் பதில் பேச வேண்டும் என்பதை இந்த ஆய்வு தெளிவாகவே காட்டியது.

ஆனால் இந்த முறைக்கு உள்ள பேசவைக்கும் பலம் தெரிந்தது ஸ்காட்லாந்தில்தான். குடியால் சாகிறவர்கள் அங்கே வசதியான பகுதிகளைவிட ஏழைப் பகுதிகளில் பல மடங்கு அதிகம். குடியை அங்கே யூனிட்டில் அளக்கிறார்கள்; ஒரு யூனிட் என்றால் 10 மில்லி சுத்தமான ஆல்கஹால். ஆண் ஒருவர் ஒரே அமர்வில் 8 யூனிட்டைத் தாண்டினால் அது அபாயக் குடி. நாலு பைன்ட் சாதாரண பியரே அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். ஏழைப் பகுதிகளில் வாழும், 25 முதல் 44 வயது வரையான 825 ஆண்களைச் சேர்த்து டண்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். குடும்ப மருத்துவர்களின் பதிவேடுகளைப் பார்த்துக் கடிதம் போட்டார்கள். அந்தப் பகுதிகளுக்கே போய் நேரில் பேசியும் ஆள் சேர்த்தார்கள். இந்த வயது ஆண்கள் லேசில் டாக்டரிடம் போகிறவர்கள் அல்லர். போனாலும் குடியைப் பற்றி வாய் திறக்கக் கூசுவார்கள்.

பாதிப் பேருக்கு 12 வாரத்தில் 112 செய்திகள் போயின. உபதேச வாடை இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல எழுதப்பட்ட செய்திகள். குறைத்தால் என்ன கிடைக்கும், எந்த நாளில் குறைக்கலாம், சறுக்கினால் எப்படி எழுவது என்று படிப்படியாக நகர்ந்தன. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பதில் எழுதினார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் பத்துத் தடவைக்கும் மேல் எழுதினார்கள். நேரில் கேட்டால் தோளைக் குலுக்கிவிட்டுப் போகக்கூடிய ஆண்கள், முகம் தெரியாத ஓர் எண்ணுக்குத் தங்கள் அந்தரங்கத்தைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். இந்தத் துறையின் ஆய்வுகளில் இதைவிட வியப்பான செய்தி வேறில்லை.

ஆனால் ஓராண்டு கழித்து எண்ணிப் பார்த்ததில், பொதுவான உடல்நலச் செய்திகள் மட்டும் பெற்ற மறுபாதியும் குடியைக் குறைத்திருந்தது. இரண்டுக்கும் இடையில் ஐந்தாறு விழுக்காடுதான் வித்தியாசம். புள்ளியியல் கணக்குப்படி அது உறுதியானது அல்ல. செய்தி அனுப்புவதைவிட விலையை ஏற்றுவதே சரியான வழி என்போர் உண்டு. ஸ்காட்லாந்து 2018-ல் யூனிட்டுக்கு 50 பென்ஸ் என்று குறைந்தபட்ச விலை வைத்து, 2024-ல் அதை 65 ஆக்கியது. உடம்பே குடிக்கு அடிமையாகிவிட்டவருக்குச் செய்தி மட்டும் போதாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், மருத்துவர் துணை வேண்டும்.

எனினும் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கும் செல்போன் கைகொடுக்கிறது. அமெரிக்காவில் 349 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், குடியிலிருந்து விலகியிருக்க உதவும் ஒரு செயலியைப் பெற்றவர்கள் மாதத்தில் அபாயமாகக் குடித்த நாட்கள் சராசரியாக 1.39, பெறாதவர்களுக்கு 2.75. தனக்கு ஆபத்தான இடம் என்று பயனாளி குறித்துவைத்த மதுக்கூடத்தை நெருங்கினால் அந்தச் செயலி எச்சரிக்கும்.

அப்படியானால், அவர் எங்கே நிற்கிறார் என்பது அதற்குத் தெரியும்.

கவலை இங்கேதான் தொடங்குகிறது. சனிக்கிழமை எத்தனை கிளாஸ் என்ற பதில், எந்தத் தெருவில் மனம் தடுமாறியது என்ற குறிப்பு, மனைவிக்கும் சொல்லாத வேதனை எல்லாம் ஒரு கணினியில் சேர்கின்றன. ஆய்வு நடக்கும்போது நெறிமுறைக் குழு ஒன்று காவல் இருக்கிறது. அதே முறை கடைச்சரக்காகி, எவரும் தரவிறக்கும் செயலியாகும்போது காவலுக்கு யார்? குடிப்பவர் என்ற பெயர் வேலைக்கு உலை வைக்கும், காப்பீட்டைக் கெடுக்கும், விவாகரத்து வழக்கில் எதிர்த்தரப்பின் ஆயுதமாகும். இந்தப் பயத்தால் மக்கள் சிகிச்சையையே தவிர்ப்பார்கள் என்று உணர்ந்துதான், 1970-களிலேயே அமெரிக்கா குடி, போதை சிகிச்சைப் பதிவேடுகளுக்குத் தனிச் சட்டப் பூட்டுப் போட்டது.

பூட்டு இருந்தும் கசிந்தது. ஆன்லைனில் குடி சிகிச்சை தந்த ஒரு நிறுவனம், முழு ரகசியம் காப்போம் என்று சொல்லிவிட்டு, யார் எந்தச் சிகிச்சைக்குப் பணம் கட்டினார் என்பதை மின்னஞ்சல் முகவரியோடு விளம்பரத் தளங்களுக்குக் கொடுத்தது என்று 2024-ல் அந்நாட்டு அரசு குற்றம் சாட்டியது. 84,000 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம். 25 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது; கட்ட வசதியில்லை என்பதால் நிறுத்திவைக்கப்பட்டது. உதவி கேட்டு வந்தவர்களின் வெட்கத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்திய செயலுக்கு, கையிலிருந்து ஒரு காசும் போகாத தண்டனை!

குடியைக் குறைக்க உதவும் குறுஞ்செய்தித் திட்டத்தை எந்த நாடு தொடங்கினாலும், முதல் செய்தியிலேயே சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். பதிலை யார் படிப்பார், எத்தனை நாள் வைத்திருப்பார், யாருக்குத் தரவே மாட்டார் என்பவை அவை. பூட்டிய திரையிலும் எட்டிப் பார்க்கும் வரிகளில் குடி என்ற சொல்லே வரக் கூடாது. வீட்டில் பிள்ளைகள் கையிலும் அந்தப் போன் இருக்கும். பயனாளி ‘நிறுத்து’ என்று ஒரு சொல் அனுப்பினால், செய்தி நிற்பதோடு அதுவரை அவர் சொன்னதும் அழிக்கப்பட வேண்டும்.