விஸ்கான்ஸின் சர்வகலாசாலையும் பால் மாடும்

ஐக்கிய அமெரிக்காவின் வடபாகத்திலுள்ள விஸ்கான்ஸின் ராஜ்யத்தின் தலைநகர் மாடிசன். அங்கே மெண்டோட்டா ஏரிக்கரையில், 1848-ம் ஆண்டில் அந்த ராஜ்யத்தாரால் ஸ்தாபிக்கப்பட்ட சர்வகலாசாலையில் இன்று ஏறத்தாழ 50,000 மாணாக்கர் பயிலுகின்றனர். சட்டம், வைத்தியம், இஞ்சினீரிங் யாவும் அங்குண்டு. எனினும் அதன் கீர்த்தியில் மாட்டுத் தொழுவத்துக்குள்ள பங்கு சிறிதன்று.

விவசாயக் கல்விக்கென மத்திய சர்க்கார் 1862-ம் ஆண்டுச் சட்டப்படி ராஜ்யங்களுக்கு நிலம் அளித்தது. விஸ்கான்ஸினுக்குக் கிடைத்த நிலத்தின் பயன் இந்தச் சர்வகலாசாலைக்கே சேர்ந்தது. ஆயினும் நெடுநாள்வரை விவசாயம் கற்க வந்தவர் மிகச் சிலரே. விவசாயக் கல்லூரியைத் தனியே பிரித்துவிட வேண்டுமென்று குடியானவர்கள் கிளர்ச்சி செய்தனர். அக்கிளர்ச்சி வீண்போகவில்லை. 1885-ம் ஆண்டில், வயல் வேலை ஓய்ந்திருக்கும் பனிக்காலத்தில், குடியானவர் வீட்டுப் பிள்ளைகளுக்கெனக் குறுகிய காலப் படிப்பொன்று தொடங்கலாயிற்று.

அக்காலத்தில் அங்கே கோதுமை விளைவு குன்றிப் பலரும் பால் மாடு வளர்க்கத் தலைப்பட்டிருந்தனர். பாலுக்கு விலையோ எடையைக் கொண்டே கொடுக்கப்பட்டது. ஆகவே நீர் கலந்தவனுக்கும் ஏடெடுத்தவனுக்கும் லாபம்; நல்ல பால் கொடுத்தவனுக்கு நஷ்டம். எந்த ஊரில் பால் விற்பவரும் அறிந்த கதைதான் இது. 1890-ம் ஆண்டில் ஸ்டீபன் பாப்காக் என்னும் ஆசிரியர் இதற்குப் பரிகாரம் கண்டார். நீண்ட கழுத்துள்ள புட்டியில் அளந்த பாலுடன் ஏறக்குறைய அதே அளவு கந்தகத் திராவகத்தைச் சேர்த்தால், வெண்ணெய்ச் சத்து ஒழிய மற்றவை கரைந்துவிடும். புட்டியை யந்திரத்திலிட்டுச் சுழற்றி, வெந்நீர் வார்த்தால், அச்சத்து கழுத்தில் ஏறி நிற்கும். அங்குள்ள கோடுகளைப் பார்த்து நூற்றுக்கு எத்தனை பாகம் என அறியலாம். பள்ளிப்படிப்பு அதிகமில்லாதவரும் செய்யக்கூடியது. எந்த மாடு தீனிக்கு ஈடான பால் தருகிறது என்பதும் இதனால் வெளியாயிற்று. பாப்காக் இதற்கு உரிமைப் பட்டயம் பெறவில்லை. யாவரும் கூலியின்றிக் கையாள விட்டார்.

அதே சர்வகலாசாலையில் பின்னர் வந்த ஹாரி ஸ்டீன்பாக், ஊதாக்கடந்த ஒளியால் உணவில் டி வைட்டமினைப் பெருக்கும் முறையைக் கண்டு, பட்டயமும் பெற்றார். ஆனால் அதன் வருமானத்தை ஆராய்ச்சிக்கே செலவிட 1925-ல் ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டது. இரண்டில் எது மேலான வழி என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். பிந்தியது பல ஆராய்ச்சிகளுக்குப் பொருளுதவி செய்தது என்பதில் ஐயமில்லை.

1933-ம் ஆண்டு பிப்ரவரியில், கடும் பனிப்புயலில், ஒரு குடியானவர் ஏறத்தாழ 190 மைல் வண்டியோட்டி மாடிசனுக்கு வந்தார். செத்த கிடேரி ஒன்றும், உறையாத இரத்தம் நிறைந்த பால் பாத்திரமும், கெட்டுப்போன ஸ்வீட் குளோவர் என்னும் உலர்தீவனமும் அவர் கொணர்ந்தவை. அத்தீவனம் தின்ற மாடுகள் இரத்தம் நில்லாமல் மாண்டுகொண்டிருந்தன. அவருக்கு அன்று கிடைத்த யோசனை, அத்தீவனத்தை நிறுத்துக என்பது மட்டுமே. வேறு தீவனமோ அவரிடம் இல்லை. கார்ல் பால் லிங்க் என்பவரின் சோதனைச் சாலையார் ஆறாண்டுகள் உழைத்து, 1939-ல் அவ்விஷப் பொருளைப் பிரித்தெடுத்தனர்.

அதன் வழியில் உண்டானதே, 1948-ல் எலி மருந்தாக வெளிவந்த வார்பரின். முற்கூறிய ஸ்தாபனத்தின் பெயரிலுள்ள முதலெழுத்துக்களே அதன் பெயரின் முற்பகுதியாயின. மெதுவாக வேலை செய்வதால் எலிகள் இரையைச் சந்தேகிப்பதில்லை. பின்னாளில் சில இடங்களில் அவை இதற்கு மசியாதனவுமாயின. 1954 முதல் இதே பொருள், அளவறிந்து, இரத்தம் நாளங்களில் உறையாதிருக்க மனிதருக்கும் மருந்தாகக் கொடுக்கப்பட்டு வருகிறது.