யாரும் கேட்காத கடிதம்!

உலகத்திலேயே முதன்முதலாக, யாரும் கேட்காத விளம்பரத்தை மின்னஞ்சலில் மொத்தமாக அனுப்பியவர் யார் தெரியுமா, குழந்தைகளே? கேரி துர்க் என்ற அமெரிக்கர்தான். ஆண்டு 1978, மே மாதம். உங்களில் பலருடைய அப்பா, அம்மாவே அப்போது பிறந்திருக்க மாட்டார்கள்!

இன்று நாம் பார்க்கும் இன்டர்நெட் அப்போது கிடையாது. அதற்கு முன்னோடியான அர்ப்பாநெட் என்ற வலையமைப்பு மட்டும் இருந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் செலவில் நடந்த அதில் பல்கலைக்கழகங்கள், ஆராய்ச்சிக் கூடங்களைச் சேர்ந்த சில ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்களும் முகவரிகளும் டெலிபோன் டைரக்டரி மாதிரி ஒரு புத்தகமாகவே அச்சிடப்பட்டிருந்தன.

துர்க், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்தார். புதிய கம்ப்யூட்டர்களை இயக்கிக் காட்ட, கலிபோர்னியாவில் இரண்டு ஊர்களில் நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட வேண்டுமானால் எத்தனை நாள் ஆகும்? அந்த டைரக்டரியை எடுத்தார். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இருந்த சுமார் 400 பேரின் முகவரிகளைப் பார்த்து, ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. முகவரி எழுதும் இடத்தில் அத்தனை பேருக்கும் இடம் போதவில்லை. மீதி முகவரிகள் வழிந்து, கடிதத்துக்குள்ளேயே வந்து விழுந்துவிட்டன! கடிதத்தைத் திறந்தவர்கள் முதலில் பார்த்தது வரிசை வரிசையாக அடுத்தவர்களின் முகவரிகளைத்தான்.

பலருக்குக் கோபம் வந்தது. 'அரசு வேலைக்காக உள்ள வலையமைப்பில் கடை விரிப்பதா?' என்று புகார்கள் பறந்தன. வலையமைப்பை நிர்வகித்தவர்கள் கண்டித்தார்கள். ஆனால் கம்ப்யூட்டர்கள் விற்கத்தான் செய்தன. அந்த ஒரு கடிதத்தால் ஒரு கோடி டாலருக்கும் மேல் வியாபாரம் நடந்ததாகத் துர்க்கே பின்னாளில் சொன்னார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது!

இப்படி வரும் வேண்டாத மின்னஞ்சலுக்கு 'ஸ்பாம்' என்று பெயர். உண்மையில் ஸ்பாம் என்பது 1937-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டப்பா இறைச்சி. 1970-ல் பி.பி.சி. தொலைக்காட்சியில் 'மான்ட்டி பைத்தான்' குழுவினர் ஒரு நகைச்சுவைக் காட்சி நடித்தார்கள். அதில் வரும் ஹோட்டலில் எதைக் கேட்டாலும் ஸ்பாம் கலந்துதான் வரும். வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள்! அதை வைத்துக் கம்ப்யூட்டர்காரர்கள் சூட்டிய பட்டப் பெயர் இது.

சரி, யாரும் விரும்பாத கடிதத்தை ஏன் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்? தபாலில் அனுப்பினால் ஒவ்வொரு கடிதத்துக்கும் தபால்தலை ஒட்ட வேண்டும். மின்னஞ்சலுக்கு அது கிடையாது. ஒருவருக்கு அனுப்பினாலும் ஒரு லட்சம் பேருக்கு அனுப்பினாலும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை.

2008-ல் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைக் கணக்கெடுத்தார்கள். ஸ்பாம் அனுப்பும் ஒரு கூட்டத்தின் கம்ப்யூட்டர் வலைக்குள் நுழைந்து, சுமார் 35 கோடி மருந்து விளம்பரக் கடிதங்களைக் கவனித்தார்கள். அவற்றைப் படித்துவிட்டு, மருந்து வாங்குவதற்கான கடைசிப் படி வரை போனவர்கள் எத்தனை பேர்? வெறும் 28 பேர்! (ஆராய்ச்சியாளர்கள் யாரிடமும் பணம் வாங்கவில்லை.) இந்த 28 பேருக்காகக் கோடிக்கணக்கான கடிதங்களை மற்றவர்கள் அழித்துக்கொண்டிருக்க வேண்டும். அனுப்புவதற்கும் அந்தக் கூட்டம் தன் சொந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தவில்லை. வைரஸ் புகுந்த, யார் யாருடைய வீட்டுக் கம்ப்யூட்டர்களோதான் அந்த வேலையைச் செய்தன. லாபம் ஒருவருக்கு, தொல்லை ஊருக்கு!

'இரண்டு வருஷத்தில் ஸ்பாம் ஒழிந்துவிடும்' என்று 2004-ல் பில் கேட்ஸ் சொன்னார். அவர் வாக்கு பலிக்கவில்லை.

விளம்பரம் அனுப்புகிறவர்கள் எல்லோருமே மோசமானவர்களா? அப்படிச் சொல்லக் கூடாது. ஒரு புத்தகக் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'மாதாமாதம் புதுப் புத்தகங்களின் விவரம் வேண்டுமா? முகவரி கொடுங்கள்' என்கிறது. உங்கள் அப்பா கொடுக்கிறார். நேர்மையான கடை உடனே விளம்பரம் அனுப்பாது. முதலில், 'இதைக் கேட்டது நீங்கள்தானா? ஆமாம் என்றால் இங்கே க்ளிக் செய்யுங்கள்' என்று ஒரே ஒரு கடிதம் அனுப்பும். பதில் வந்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும்.

எதற்கு இரண்டு தடவை கேட்க வேண்டும்? வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தால் ஒரு குறும்பனாவது இருப்பான், எனக்குத் தெரியாதா! உங்கள் முகவரியை அவன் 10 கடைகளில் எழுதிக் கொடுத்துவிட்டால்? அந்தக் குறும்பு உங்களிடம் செல்லாமல் இருக்கத்தான் இந்த இரண்டாவது கேள்வி.

சில படிவங்களில் 'விளம்பரம் அனுப்பச் சம்மதம்' என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருப்பார்கள். தேர்வில் உங்கள் விடையை வேறொருவர் எழுதி வைத்தால் ஒப்புக்கொள்வீர்களா? ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, அப்படிப் போட்ட டிக் சம்மதமாகாது.

அமெரிக்கச் சட்டம் வேறு மாதிரி. 2004 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், விளம்பரக் கடிதத்தில் அனுப்புகிறவரின் உண்மையான தபால் முகவரி இருக்க வேண்டும், 'வேண்டாம்' என்றால் 10 வேலை நாளுக்குள் நிறுத்த வேண்டும் என்கிறது. ஆனால் முதல் கடிதத்தைக் கேட்காமலே அனுப்பலாமாம்! கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டு, 'போகச் சொன்னால் போகிறேன்' என்பது போல இருக்கிறது. எனக்கு ஐரோப்பாக்காரர்களின் வழிதான் சரியாகப் படுகிறது.

2024-ல் ஜிமெயிலும் யாஹூவும் ஒரு நல்ல காரியம் செய்தன. தினமும் ஆயிரக்கணக்கில் விளம்பரம் அனுப்புகிறவர்கள், ஒரே க்ளிக்கில் விலகுவதற்கு வழி வைக்க வேண்டும், இரண்டு நாளுக்குள் பெயரை நீக்க வேண்டும் என்று விதி போட்டன. அந்த விலகும் பொத்தானுக்கு 'அன்சப்ஸ்கிரைப்' என்று பெயர்.

ஆனால் ஜாக்கிரதை! தெரிந்த கடையின் கடிதம் என்றால் அந்தப் பொத்தானை அழுத்தலாம். 'உனக்குப் பரிசு விழுந்திருக்கிறது' என்று முன்பின் தெரியாதவர் எழுதினால், அதிலுள்ள எதையும் அழுத்தாதீர்கள். 'இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்' என்று அவருக்கு நீங்களே சொன்னதாகிவிடும். 'ஸ்பாம்' என்று குறித்துத் தள்ளிவிடுங்கள்.

விளையாட்டு, போட்டி என்று பெயர், பள்ளி, பிறந்த நாள் எல்லாம் கேட்கும் படிவங்களைக் கண்டால் அப்பா, அம்மாவைக் கூப்பிடுங்கள். 18 வயது நிறையாதவர்களின் விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று நம் நாட்டிலும் 2023-ல் சட்டம் இயற்றியிருக்கிறார்கள்.

வீட்டில் ஜிமெயில் இருந்தால், பெரியவர்களோடு சேர்ந்து ஒரு துப்பறியும் வேலை செய்து பார்க்கலாம். கடையில் முகவரி கொடுக்கும்போது பெயரை அடுத்து, 'அட்' குறிக்கு முன்னால், ஒரு ப்ளஸ் குறியும் அந்தக் கடையின் பெயரும் சேர்த்துக் கொடுங்கள். கடிதம் வழக்கம்போல உங்கள் பெட்டிக்கே வரும். சில நாள் கழித்து, சம்பந்தமே இல்லாத வேறு யாரோ அதே ப்ளஸ் முகவரிக்கு விளம்பரம் அனுப்பினால், முகவரி எந்தக் கடையிலிருந்து வெளியே போனது என்று தெரிந்துவிடும்!