மருந்து சாப்பிட்டதும் காய்ச்சல் ஏறுவது ஏன்?

மருந்து சாப்பிட்டால் காய்ச்சல் இறங்கும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். ஆனால் சில நோய்களில் முதல் வேளை மருந்து உள்ளே போன இரண்டொரு மணி நேரத்தில் நிலைமை தலைகீழாகிவிடும். நோயாளிக்குக் குளிரெடுக்கும், பல் கிட்டும். இரண்டு போர்வை போர்த்தினாலும் நடுக்கம் நிற்காது. காய்ச்சல் மளமளவென ஏறும். தலையும் தசைகளும் வலிக்கும். வீட்டில் உள்ளவர்கள் "தப்பான மருந்தைக் கொடுத்துவிட்டார்களோ?" என்று பதறுவார்கள். பிறகு வியர்த்துக் கொட்டும், காய்ச்சல் இறங்கும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

இதற்கு யாரிஷ்-ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்விளைவு என்று பெயர். பெயர் நீளமாக இருந்தாலும் விஷயம் எளிது.

இதைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது ஒரு மாணவி கேட்ட கேள்வி. படிவம் 4 வகுப்பில் நோயெதிர்ப்பாற்றலைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "சார், எங்க பாட்டி ஒரு சத்துப்பொடி சாப்பிடறாங்க. உடம்பெல்லாம் தடிப்பு வந்திருக்கு. விற்றவர், அது நோய் வெளியேறுவதோட அடையாளம், நிறுத்தாம சாப்பிடுங்கன்னு சொல்றாரு. அது உண்மையா?" என்று அந்த மாணவி கேட்டார். முதலில் பாட்டியைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகச் சொன்னேன். கேள்விக்கான முழு விடையை இங்கே பார்ப்போம்.

லைம் ஊரின் புதிர்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம், ஓல்ட் லைம் என்னும் சிற்றூர்கள் இருக்கின்றன. 1970-களில் அங்கே பல பிள்ளைகளுக்கு முழங்கால் வீங்கியது. மூட்டுவலி முதியவர்களுக்கு வருவதாயிற்றே, பிள்ளைகளுக்கு எப்படி வந்தது? பாலி மர்ரி என்ற தாய் தம் குடும்பத்தாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வந்த அறிகுறிகளைப் பொறுமையாகக் குறித்துவைத்து, 1975-இல் மாநிலச் சுகாதாரத் துறையிடம் தெரிவித்தார். யேல் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் ஆலன் ஸ்டீர் குழுவினர் ஆராய்ந்து, 51 நோயாளிகளைப் பற்றி 1977-இல் அறிக்கை வெளியிட்டனர். அவர்களில் 39 பேர் பிள்ளைகள்.

நோய்க்கிருமி 1981-இல் பிடிபட்டது. வில்லி பர்க்டோர்ஃபர் என்ற அறிவியலாளர் உண்ணிகளின் குடலை நுண்ணோக்கியில் பார்த்தபோது, தக்கைத் திருகைப் போலச் சுருண்ட பாக்டீரியாக்களைக் கண்டார். அவருடைய பெயராலேயே அது பொரெலியா பர்க்டோர்ஃபெரி என்று அழைக்கப்படுகிறது. இப்படிச் சுருண்ட பாக்டீரியாக்களை ஸ்பைரோகீட் என்போம். நம் கதையின் முக்கியப் பாத்திரம் இதுதான்.

லைம் நோய்க்கு டாக்சிசைக்ளின் போன்ற ஆண்டிபயாடிக் மருந்துகளை, நோயின் நிலைக்கேற்ப ஏறக்குறைய 10 நாள் முதல் 4 வாரம் வரை கொடுப்பார்கள். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலோர் குணமடைவர். ஆனால் ஏறக்குறைய 15 விழுக்காட்டினருக்கு, மருந்தைத் தொடங்கிய முதல் 24 மணி நேரத்தில் மேலே சொன்ன குளிரும் காய்ச்சலும் வரும்.

பாதரசக் காலத்திலேயே கண்டது

லைம் நோய்க்குப் பெயர் வைப்பதற்கு வெகு முன்பே இந்த எதிர்விளைவு மருத்துவர்களுக்குத் தெரியும். ஆஸ்திரியாவின் தோல்நோய் மருத்துவர் அடோல்ஃப் யாரிஷ், சிபிலிஸ் நோயாளிகளுக்குப் பாதரசம் கொடுத்தபோது அவர்களுடைய தோல் தடிப்புகள் முதலில் மோசமாவதை 1895-இல் குறிப்பிட்டார். 1902-இல் ஜெர்மனியின் கார்ல் ஹெர்க்ஸ்ஹைமரும் இதையே விவரித்தார். சிபிலிஸ் கிருமியும் ஒரு ஸ்பைரோகீட்தான். பின்னாளில் பென்சிலின் வந்தபோதும் அதே குளிர், அதே காய்ச்சல். பாதரசமும் பென்சிலினும் முற்றிலும் வேறுபட்ட பொருள்கள். அப்படியானால் காரணம் மருந்து மட்டுமாக இருக்க முடியாது. மடியும் கிருமியையும் அதற்கு உடல் தரும் பதிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உடலுக்குள் நடப்பது என்ன?

ஆண்டிபயாடிக் தாக்கியதும் ஸ்பைரோகீட்டுகள் கூட்டம் கூட்டமாக மடிகின்றன. அவற்றின் மேலுறையில் உள்ள லிப்போபுரதத் துணுக்குகள் இரத்தத்தில் கலக்கின்றன. நம் வெள்ளை இரத்த அணுக்கள் அந்தத் துணுக்குகளை எதிரியின் அடையாளமாகவே பார்க்கும். உயிருள்ள கிருமியா, செத்த கிருமியின் சிதறலா என்று ஆராய்ந்துகொண்டிருக்காது. உடனே டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 போன்ற சைட்டோகைன்களைச் சுரக்கும். இவை அணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் அவசரச் செய்திகள்.

இச்செய்தி மூளையின் ஹைபோதாலமசை எட்டுகிறது. ஹைபோதாலமஸ் உடலின் வெப்பநிலையை ஏறக்குறைய 37 டிகிரி செல்சியசில் வைத்திருக்கும் என்று படித்திருப்பீர்கள். குளிரூட்டிக்கு நாம் அளவு குறிப்பதுபோல அதற்கும் ஒரு குறியளவு உண்டு. சைட்டோகைன்கள் வந்ததும் அந்தக் குறியளவு 39 அல்லது 40-க்கு உயர்கிறது. உடல் இன்னும் 37-இல்தான் இருக்கிறது. ஆனால் மூளைக்கு அது போதாது. எனவே தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. காய்ச்சல் ஏறும்போது குளிரெடுப்பதன் இரகசியம் இதுவே. சைட்டோகைன்கள் குறைந்ததும் குறியளவு இறங்கும். மிச்ச வெப்பம் வியர்வையாக வெளியேறும்.

இது வெறும் ஊகமில்லை என்பதைக் காட்டிய ஓர் ஆய்வு எத்தியோப்பியாவில் நடந்தது. அங்கே உடல் பேன்களால் பரவும் மீள்காய்ச்சல் என்ற நோய் உண்டு. அதற்குக் காரணமும் பொரெலியா இனக் கிருமியே. இந்நோயில் எதிர்விளைவு மிகக் கடுமையாக இருக்கும், உயிரைக்கூடப் பறிக்கலாம். ஆய்வாளர்கள் ஒரு பிரிவினருக்குப் பென்சிலினுக்கு முன்பு டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் எதிர்ப்பொருளைக் கொடுத்தனர். மற்றப் பிரிவினருக்குக் கொடுக்கவில்லை. 1996-இல் முடிவு வெளியானது. எதிர்ப்பொருள் பெறாத 29 பேரில் 26 பேருக்கு எதிர்விளைவு வந்தது. பெற்ற 20 பேரில் 10 பேருக்கே வந்தது. டிஎன்எஃப்-ஐத் தடுத்தால் எதிர்விளைவு குறைகிறது என்றால், அதற்கு இதில் பங்கு உண்டு என்றுதானே பொருள்?

நம் நாட்டிலும் ஓர் உறவுக்காரக் கிருமி

லைம் நோய் நமக்குத் தொலைவானதாகத் தோன்றலாம். ஆனால் எலிச் சிறுநீர் நோய் நமக்குப் பழக்கமானது. அதை உண்டாக்கும் லெப்டோஸ்பைராவும் ஸ்பைரோகீட்தான். 2000-ஆம் ஆண்டு சபாவில் நடந்த ஈக்கோ சேலஞ்ச் சாகசப் போட்டியில் 304 பேர் கலந்துகொண்டனர். போட்டிக்குப் பிறகு ஆய்வாளர்கள் 189 பேரைத் தொடர்புகொண்டபோது, 80 பேருக்கு இந்நோயின் அறிகுறிகள் இருந்தது தெரிந்தது. செகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்கே ஆபத்து கூடுதலாக இருந்தது. மலேசியாவில் 2010 முதல் இந்நோயைச் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். இதற்கும் ஆண்டிபயாடிக் தொடங்கியதும் சிலருக்கு யாரிஷ்-ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்விளைவு வரும்.

மோசமானால் நல்லதா?

இப்போது சிக்கலான பகுதிக்கு வருவோம். லைம் சிகிச்சை முடிந்த பிறகும் சிலருக்குச் சோர்வும் உடல்வலியும் மறதியும் பல மாதங்கள் நீடிக்கின்றன. அந்த வேதனை உண்மையானது. "எல்லாம் உன் கற்பனை" என்று அவர்களை ஒதுக்குவது அநியாயம். சிலர் இந்நிலையை 'நாட்பட்ட லைம்' என்று அழைத்து, கிருமி இன்னும் உடலில் ஒளிந்திருப்பதாகக் கருதுகின்றனர். சில மருத்துவர்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட ஆண்டிபயாடிக் கொடுக்கின்றனர். இடையில் நோயாளியின் நிலை மோசமானால், "கிருமி சாகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று தேற்றுகின்றனர்.

இதைச் சோதித்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். 2001-இல் அமெரிக்காவில் 129 நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில், ஒரு பிரிவினருக்கு 90 நாள் ஆண்டிபயாடிக்கும் மற்றப் பிரிவினருக்கு வெற்று மருந்தும் கொடுக்கப்பட்டன. இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2016-இல் நெதர்லாந்தில் 280 பேரிடம் நடந்த ஆய்வில் எல்லோருக்கும் இரண்டு வாரம் ஆண்டிபயாடிக் கொடுத்தனர். அதற்குப் பின் மேலும் 12 வாரம் மருந்து பெற்றவர்கள், வெற்று மருந்து பெற்றவர்களைவிடக் கூடுதல் பயன் அடையவில்லை. 2017-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், 'நாட்பட்ட லைம்' சிகிச்சையால் கடுமையான பாக்டீரியா தொற்றுக்கு ஆளான 5 பேரின் விவரங்களை வெளியிட்டது. அவர்களில் இறந்தவர்களும் உண்டு. நாள்கணக்கில் நரம்பில் பொருத்தியிருந்த குழாய் வழியாகக் கிருமிகள் இரத்தத்தில் புகுந்தது ஒரு காரணம்.

உண்மையான எதிர்விளைவு முதல் வேளை மருந்தை ஒட்டி வரும். ஒரு நாளில் அடங்கும். கிருமிகள் பெருங்கூட்டமாக மடிவது அப்போதுதான். வாரக்கணக்கில் தொடரும் துன்பத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டினால், பின்னால் இருக்கும் வேறு ஆபத்து மறைந்துபோகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "நலமானால் மருந்து வேலை செய்கிறது, மோசமானாலும் மருந்து வேலை செய்கிறது" என்று ஒருவர் சொன்னால், அந்த மருந்து வேலை செய்யவில்லை என்பதை எப்படித்தான் கண்டுபிடிப்பது? தவறு என்று காட்ட வழியே வைக்காத கூற்று அறிவியல் கூற்றாகாது.

எப்படிப் பிரித்தறிவது?

• யாரிஷ்-ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்விளைவு: ஸ்பைரோகீட் நோய்களுக்கு மருந்து தொடங்கியதும் வரும். குளிர், காய்ச்சல், தலைவலி, தசைவலி. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் நீங்கும்.

• ஒவ்வாமை: அரிப்புடன் தடிப்பு, உதடு அல்லது முகம் வீங்குதல், மூச்சுத்திணறல், மயக்கம். மூச்சுத்திணறலோ முக வீக்கமோ இருந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே 999-ஐ அழைக்க வேண்டும், சிங்கப்பூரில் 995.

• பக்கவிளைவு: மருந்து சாப்பிடும் காலம் முழுதும் வரலாம். டாக்சிசைக்ளினால் குமட்டல் ஏற்படலாம், வெயில் பட்டால் தோல் எளிதில் சிவக்கலாம்.

• புதிய தொற்று: ஆண்டிபயாடிக் குடலின் நல்ல பாக்டீரியாக்களையும் அழிப்பதால், கடும் வயிற்றுப்போக்கு வரலாம். மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

எதிர்விளைவு வந்தால் என்ன செய்வது? நல்ல மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்: "இன்றிரவு காய்ச்சல் ஏறலாம், பயப்படாதீர்கள்." தெரிந்தவருக்குப் பாதிப் பயம் போய்விடும். ஓய்வு, போதிய நீர், மருத்துவர் அனுமதித்தால் பாராசிட்டமால் ஆகியவை பெரும்பாலோருக்குப் போதும். கர்ப்பிணிகளையும் கடும் நோயாளிகளையும் மருத்துவமனையில் கண்காணிப்பர். பயந்துபோய் மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அதேபோல, "இது வழக்கமானதுதான்" என்று தாமாக முடிவு செய்துகொண்டு பொறுத்துக்கொண்டிருக்கவும் கூடாது. எந்த மருந்து, எத்தனை மணிக்கு, என்ன அறிகுறி, எவ்வளவு காய்ச்சல் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு மருத்துவரை அழையுங்கள். பாலி மர்ரி செய்ததும் அதைத்தான்.

மாணவியின் பாட்டிக்கு வருவோம். அவருக்கு ஸ்பைரோகீட் நோய் எதுவும் இல்லை. அவர் சாப்பிட்டது ஆண்டிபயாடிக்கும் இல்லை. அப்படியிருக்க, அந்தத் தடிப்பை 'நோய் வெளியேறுகிறது' என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. கிளினிக்கில் அது ஒவ்வாமை என்று சொல்லி, பொடியை நிறுத்தச் சொன்னார்கள். சில நாள்களில் தடிப்பு மறைந்தது.

சிந்தித்துப் பாருங்கள்

1. பாதரசமும் பென்சிலினும் ஒரே எதிர்விளைவை உண்டாக்கியதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம்?

2. நெதர்லாந்து ஆய்வில் ஒரு பிரிவினருக்கு வெற்று மருந்து கொடுத்தது ஏன்?

3. உங்கள் வீட்டில் யாராவது "உடம்பிலுள்ள கழிவு வெளியேறுகிறது" என்று சொன்னால், அதைச் சோதிக்க நீங்கள் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள் எவை?