ஆடியுள்ள கமராவும் ஆடியில்லாக் கமராவும்



நுவரெலியா மாவட்டத்து ராகலையைப் போன்ற மலையகப் பட்டணங்களிலே திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் தேர்த் திருவிழா ஆகியவற்றைப் படம் பிடித்து வாழ்க்கை நடத்துவோர் உளர். கையிலிருக்கும் டி.எஸ்.எல்.ஆர். கமராவை விட்டு மிரர்லெஸ் கமராவுக்கு மாறுவதா, வேண்டாமா என்பது இன்று அவர்கள் முன் நிற்கும் வினா. கலையைப் பற்றிய வினா போல இது தோன்றினும், உண்மையில் பிழைப்பைப் பற்றிய வினாவே ஆகும். ஆகவே இதனைச் சற்று ஆராய்வோம்.

இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு யாது? டி.எஸ்.எல்.ஆர். கமராவில், வில்லை வழியே வரும் ஒளி சாய்வாக நிற்கும் சிறு ஆடியிற் பட்டு மேலெழுந்து நம் கண்ணை அடைகிறது. பொத்தானை அழுத்தியதும் ஆடி உயர்ந்து வழிவிட, ஒளி பின்னாலுள்ள ஒளியுணரியில் விழுந்து படமாகிறது. மிரர்லெஸ் கமராவில் இவ்வாடி இல்லை. ஒளி நேரே ஒளியுணரியில் விழ, அது காண்பதைச் சிறு மின்திரையொன்று நமக்குக் காட்டுகிறது. அதாவது, முன்னதில் நாம் காண்பது காட்சி. பின்னதில் காண்பது வரப்போகும் படம்.

மலைநாட்டில் இவ்வேறுபாடு சிறிதன்று. மூடுபனி சூழ்ந்த காலையில் மணமக்களைப் படமெடுக்கும்போது, பனியின் வெண்மையைக் கண்டு கமராவின் ஒளிமானி ஏமாறும்; படம் மங்கிக் கறுக்கும். ஆடியுள்ள கமராவில் இது எடுத்த பின்னரே தெரியும். ஆடியில்லாததில் எடுக்குமுன்னரே தெரியும். புதிய வகைகள் பல, முகத்தையும் கண்ணையும் தாமே கண்டறிந்து குவியம் கொள்கின்றன. ஓசையின்றிப் படம் பிடிப்பதால் தாலி கட்டும் வேளையில் இடையூறும் இல்லை.

உலகச் சந்தையும் இப்பக்கமே சாய்ந்துள்ளது. பனசோனிக் நிறுவனம் 2008இல் மிரர்லெஸ் கமராவொன்றை வெளியிட்டது. 2018இல் கெனன், நிக்கோன் ஆகிய இரு நிறுவனங்களும் முழுச்சட்ட ஒளியுணரி கொண்ட மிரர்லெஸ் கமராக்களைக் கொணர்ந்தன. 2020இல் மிரர்லெஸ் கமராக்களின் ஏற்றுமதி எண்ணிக்கை டி.எஸ்.எல்.ஆரை விஞ்சியது.

அப்படியாயின் உடனே மாறிவிடலாமன்றோ எனில், பொறுங்கள். புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இம்மலைநாட்டிலேயே மறைந்தார்; பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான படங்களை எடுத்த அவர், இங்கு எடுத்தவற்றுள் எஞ்சியவை மிகச் சிலவே. வெப்பமும், படங்களைக் கழுவ நல்ல நீர் கிடையாமையும் காரணமாகலாம் என்பர். கருவி உயர்ந்ததாயினும், அதற்கு வேண்டிய துணைப்பொருள் இருக்குமிடத்தில் கிடைத்தாலன்றிப் பயன்படாது என்பதை இதனால் உணரலாம்.

இன்றைய துணைப்பொருள்களுள் முதலாவது பற்றரி. மின்திரை இடைவிடாது எரிவதால் மின்சாரம் விரைவிற் செலவாகிறது. ஒரே வகைச் சோதனையில், நிக்கோன் டி750 ஒருமுறை நிரப்பிய பற்றரியில் 1,230 படங்களும், மிரர்லெஸ் வகையான இசட்6 310 படங்களும் எடுத்தன. நடைமுறையில் இரண்டும் கூடுதலாகவே எடுக்கும். எனினும் விடியவிடிய நடக்கும் திருவிழாவுக்கு மூன்று நான்கு பற்றரிகள் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நிலவியதை நாம் மறந்திலோம்.

இரண்டாவது வில்லை. புகைப்படக்காரரின் உண்மையான முதல் வில்லைகளே. கெனனின் பழைய ஈ.எஃப். வில்லைகள் இணைப்பு வளையத்தின் உதவியால் புதிய கமராவிலும் தானியங்கிக் குவியத்துடன் இயங்கும். நிக்கோனில், தமக்குள் மோட்டார் இல்லாத பழைய வில்லைகள், அந்நிறுவனத்தின் எஃப்.டி.இசட். வளையத்தில் பொருத்தினால், கையால் குவியம் கொள்ளவே உதவும். குறைந்த விலையால் பலர் விரும்பி வாங்கிய 50 மில்லிமீற்றர் டி வகை வில்லை இத்தகையதே. மாறுவோர் இதனை முன்னரே அறிதல் நன்று.

மூன்றாவது பணம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவாயிற்று. இறக்குமதிப் பொருளாகிய கமராவைக் கடன்பட்டு வாங்குவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே யான் கூறுவது இதுவே. பழைய கமரா ஒழுங்காக இயங்கி, வேலையும் குறையாதிருப்பின், அதுவே போதும். அது பழுதுற்றாலோ, இருளிலும் பனியிலும் படங்கள் தவறி வாடிக்கையாளர் குறைந்தாலோ, மாறுங்கள். வாங்குமுன் ஒரு திருமணத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். வாங்கிய பின்னும் பழையதை விற்றுவிடாது துணைக்கு வைத்திருங்கள். கமரா புதிதோ பழையதோ, ஈரத்தினால் வில்லையிற் பூஞ்சணம் படராதவாறு உலர்ந்த பெட்டியில் வைத்துக் காத்திடுங்கள்.

திருமணம் ஒருமுறையே நிகழ்வது. தோட்டத்து லயக் காம்பராவின் சுவரில் தொங்கும் அப்படத்தைப் பார்ப்போர், எந்தக் கமராவில் எடுத்தது என்று கேட்பதில்லை. முகம் தெளிவாய் இருக்கிறதா என்றே பார்ப்பர். அம்முகம் தவறாதிருக்க எது உறுதுணையாகுமோ, அதுவே உங்களுக்குரிய கமரா.