கோணிய விரல்கள் காட்டிய வழி

தலைமை என்பது பட்டாபிஷேகம் நடந்த அன்றே ஒருவருக்குக் கைகூடிவிடுவது என்று எண்ணுகிறவர்கள் அநேகர். தச்சன் தன் உளியை நாள்தோறும் துடைத்துத் தீட்டி வைப்பதுபோல் பேணாவிட்டால் அதுவும் துருப்பிடித்துப் போகும் என்பதை, மதுரையில் வாழ்ந்த கண் மருத்துவர் கோ. வெங்கடசாமியின் சரித்திரத்தைப் படிப்பவர் எளிதில் உணர்வர்.

1918-ஆம் ஆண்டு எட்டயபுரத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் விவசாயக் குடும்பத்திற் பிறந்து, பிரசவ வைத்தியத்தில் தேர்ச்சி பெற வேண்டுமென்று ஆசைப்பட்ட அவரை, ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது பற்றிய கொடிய முடக்குவாதம் நெடுங்காலம் படுக்கையிற் கிடத்தி, கைவிரல்களை நிரந்தரமாகக் கோணச் செய்துவிட்டது. பழைய ஆசையைத் துறந்து கண் வைத்தியத்துக்குத் திரும்பிய அவர், தம் விரல்களுக்கு இசைந்த கருவிகளைச் செய்வித்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்கும் வித்தையை ஆதிமுதல் பயின்றார். அந்தக் கைகளே பிற்காலத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண்களுக்குச் சஸ்திர சிகிச்சை செய்தன.

1976-இல் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும், பிறர் ஈஸிசேரை நாடும் பிராயத்தில், அவர் 11 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனையைத் தொடங்கி, தாம் பக்தி பூண்டிருந்த ஸ்ரீ அரவிந்தரின் பெயரையே அதற்குச் சூட்டினார். மூலதனமாக அவரிடம் இருந்தது பெரும்பாலும் உறவு ஒன்றுதான். தங்கையும் தங்கை கணவருமாகக் குடும்பத்தாரே மருத்துவர்களாக உடன் நின்றனர். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, பார்வையைச் சோதிக்கவும் நோயாளியைச் சிகிச்சைக்கு ஆயத்தம் செய்யவும் பயிற்றுவித்தனர். கொடுக்கக்கூடியவர் கட்டணம் கொடுத்தனர். இயலாதவர் இலவசமாகப் பார்வை பெற்றனர். மருத்துவமனைக்கு வர வழியறியாதவர்களைத் தேடி ஊர்தோறும் முகாம் சென்றது.

ஒரு நோயாளிக்குச் சிகிச்சை முடிவதற்குள் பக்கத்து மேஜையில் அடுத்தவர் ஆயத்தமாக இருக்க, மருத்துவர் நுண்ணோக்கியை அப்புறம் திருப்பி வேலையைத் தொடர்வது அங்குள்ள முறை. அந்த நுண்ணோக்கியின் விளக்கு ஒன்று அணைந்துபோனால் அன்று காத்திருக்கும் அத்தனை பேரின் பார்வையும் தள்ளிப்போகும் என்பதை உணர்ந்தவர்களாதலால், கருவிகளைப் பழுதுபடாமல் காப்பதையே ஒரு கல்வியாக்கி, வெளியூர் மருத்துவமனைகளிலிருந்து வருவோருக்கும் கற்பித்தனர். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் அந்நிய நாடுகளிலிருந்து எளியவருக்கு எட்டாத விலையில் வந்துகொண்டிருந்த காலத்தில், அதைத் தாங்களே செய்யக் கற்று, 1992-இல் ‘ஆரோலேப்’ என்ற தொழிற்கூடத்தை நிறுவினர்.

2006-இல் அவர் காலமானார். பெரிய மரம் சாய்ந்தால் நிழலும் போய்விடும் என்பது உலக அனுபவம்; ஆயினும், தாம் கற்றதையெல்லாம் உடனுக்குடன் பிறர் கையில் ஒப்படைத்துக்கொண்டே வந்தவராதலால், அவருக்குப் பின்னும் அந்த நிழல் பரந்துகொண்டே இருக்கிறது. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரும், பஞ்சாயத்துத் தலைவரும், பத்துப் பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறவரும் தத்தம் தலைமையை அளந்து பார்க்க விரும்பினால், இன்று எதைப் பழுது பார்த்தோம், யாருக்கு எதைக் கற்பித்தோம், நாம் எதைக் கற்றோம் என்று மாலையில் ஒருமுறை தம்மையே கேட்டுக்கொண்டால் போதும்.